லெஃப்ட் என்றால் ஓலைக்கால்

உறையின் முன்பக்கத்தில், விலாசத்தின் குறுக்கே, சிவப்புப் பென்சிலால் நான்கு ஆங்கில எழுத்துக்கள். எழுதிய கை அவசரத்தில் இருந்திருக்கிறது. கடைசி எழுத்தின் குறுக்குக்கோடு உறையின் விளிம்புவரை ஓடியிருந்தது. கொழும்பில் ஏதோ ஒரு தபால்காரர் கடை வாசலில் நின்று விசாரித்து, பதில் கேட்டு, ‘லெஃப்ட்’ என்று எழுதிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த கடைக்குப் போயிருப்பார். அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்தைப் பிடித்துக்கொண்டு வடசேரியில் ஒரு பெண் மூன்று ஆண்டுகள் தன் வீட்டில் குடியிருந்தார்.

அப்போது நான் நாகர்கோவிலில் ஒரு நாளிதழுக்கு நிருபராக இருந்தேன். வடசேரியில் ஒரு மாடி அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு முற்றம் தெரியும். அங்கே காலை ஆறு மணிக்கெல்லாம் பெரிய செம்பு அண்டாவில் நெல் வெந்துகொண்டிருக்கும். ஊர் வீடுகளுக்கு நெல் அவித்து, காயவைத்து, குத்திக் கொடுப்பது அவருடைய பிழைப்பு. தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நெல் அவிக்கிற அக்கா, அவ்வளவுதான். முப்பது வயது இருக்கும். பிள்ளைகள் இல்லை. கணவர் நாற்பத்தேழில் கொழும்புக்கு ஒரு துணிக்கடை வேலைக்குப் போனவர். வடசேரியில் பஸ் ஏறும்போது “வாரேன்” என்று சொன்னாராம். அதை அக்கா என்னிடம் பலமுறை, ஒரே மாதிரி, கூட்டாமல் குறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. யார் எதைச் சொன்னாலும், “வேற அர்த்தம் உண்டா?” என்று கேட்பார். விளையாட்டுக்கு அல்ல. சாமான் வாங்கும்போது தட்டிப் பார்ப்பதுபோல, சொல்லையும் தட்டிப் பார்ப்பார்.

ரேஷன் காலம் அது. ஒருநாள் பக்கத்து ரேஷன் கடை வாசலிலிருந்து திரும்பி வந்தவர் ஜன்னலுக்குக் கீழே நின்று கூப்பிட்டார்.

“தம்பி, ஸ்டாக்கு இல்லேன்னா என்ன அர்த்தம்?”

“சரக்கு இல்லேன்னு அர்த்தம் அக்கா.”

“வேற அர்த்தம் உண்டா?”

“எனக்குத் தெரிஞ்சு இல்லை.”

“உண்டு. நமக்கு இல்லேன்னு அர்த்தம். பின்வாசல்ல ரெண்டு மூட்டை போவுது பாரும்.”

எட்டிப் பார்த்தேன். போய்க்கொண்டிருந்தது.

இந்தச் சந்தேகம் எங்கே தொடங்கியது என்று ஒருமுறை கேட்டேன். அவருடைய அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, “இனி பயப்பட ஒண்ணுமில்லை” என்று டாக்டர் சொன்னாராம். இவர் நிம்மதியாகச் சுசீந்திரத்தில் பிறந்த வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் வந்தார். அம்மா இல்லை.

“அவரு பொய் சொல்லல்ல தம்பி. பயப்பட வேண்டிய நேரம் முடிஞ்சாச்சுன்னுதான் சொல்லியிருக்காரு. எனக்குத்தான் கேக்கத் தெரியல்ல.”

இதைச் சொல்லும்போது முறத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

கணவரிடமிருந்து இரண்டு வருடம் ஒழுங்காகக் கடிதம் வந்தது. பிறகு நின்றது. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் இரண்டு தபால் உண்டு. சமஸ்தானத்துக்குள் அனுப்ப அஞ்சல் ஆபீஸ். வெளியே அனுப்பத் தபாலாபீஸ். அக்கா தன் கைப்படத் தமிழில் எழுதி, விலாசத்தை மட்டும் என்னிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்கி, தபாலாபீசுக்கு நடந்துபோய்ப் போட்டுவிட்டு வருவார். நாற்பத்தொன்பதில், மழைக்காலத்தில், முதல் கடிதம் அந்தச் சிவப்புச் சொல்லோடு திரும்பி வந்தது.

வந்த அன்று நான் ஊரில் இல்லை. முட்டத்தில் ஒரு கட்டுமரம் பாறையில் மோதியதைப் பற்றி எழுதப் போயிருந்தேன். அக்கா காத்திருக்கவில்லை. தெருமுனையில் நெல் கிட்டங்கிக்குக் காவல் இருந்த பழைய பட்டாளக்காரரிடம் உறையைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். அவர் சமஸ்தானப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய மீசை. அவருக்குப் படிக்கத் தெரிந்த ஆங்கிலச் சொற்கள் பத்துக்குள் அடங்கும். அதில் இது முதலாவது.

“லெஃப்டு! இது தெரியாதா பிள்ளே? பதினெட்டு வருசம் இந்த ஒத்த வார்த்தைய வச்சில்லா சோறு தின்னேன். லெஃப்டுன்னா எடது. எங்களுக்கு முந்தி உள்ள ஆளுவளுக்கு எடதும் தெரியாது வலதும் தெரியாது. ஒரு கால்ல ஓலையக் கெட்டி, மத்தக் கால்ல சீலையக் கெட்டி, ‘ஓலக்கால், சீலக்கால்’னுதான் நடத்துவானுவ. லெஃப்டுன்னா ஓலக்கால்.”

மறுநாள் காலை அக்கா என் அறைக்கு ஏறி வந்து இதை அவருடைய குரலிலேயே நடித்துக் காட்டினார். அக்கா சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல்முறை.

“ஓலக்காலாம்! கவருக்க மேல எவனாவது ஓலக்கால்னு எழுதுவானா? பைத்தியமான்னு திட்டிட்டு வந்துட்டேன். நெல்லு துழாவும்போதுதான் தம்பி வெளங்கிச்சு. அவரு எடங்கையருல்லா!”

எனக்கு விளங்கவில்லை. அவரே விளக்கினார். கணவருக்கு எல்லாவற்றுக்கும் இடது கை. கடையில் அதே பெயரில் நம் பக்கத்து ஆள் இன்னொருவர் உண்டு என்று கணவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். யாருக்கு வந்த கடிதம் என்று குழப்பம் வராமல் இருக்க யாரோ ‘இடங்கையர்’ என்று குறித்திருக்கிறார்கள். குறித்தவர் கொடுக்க மறந்திருக்கிறார். அல்லது கணவர் அன்று வெளியே போயிருந்திருக்கிறார். அதனால் திரும்பி வந்துவிட்டது.

“அப்போ அங்கதான இருக்காரு? இல்லாத ஆளுக்கு அடையாளம் எழுதுவாவளா? நீரு சொல்லும். எடதுன்னுதான எழுதியிருக்கு?”

உறையை வாங்கிப் பார்த்தேன். அந்தச் சொல் அங்கே என்ன வேலைக்கு எழுதப்பட்டது என்பது எனக்குப் பார்த்த கணமே தெரிந்துவிட்டது. ஆனால் பத்திரிகைத் தொழில் எனக்குச் சில வாக்கியங்களைக் கற்றுக்கொடுத்திருந்தது. பொய்யும் இருக்காது, முழு உண்மையும் இருக்காது, நாளைக்கு யாரும் நம்மைப் பிடிக்க முடியாது.

“அதுக்கு இடதுன்னும் அர்த்தம் உண்டு அக்கா” என்றேன்.

அவர் உறையை வாங்கி நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மடமடவென்று இறங்கிப் போனார்.

கணவரின் அந்த இடது கையைப் பற்றித் தெருவில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சிறுவயதில் அண்ணன்தான் அதைக் கயிற்றால் தூணோடு சேர்த்துக் கட்டி, வலது கையால் சாப்பிடச் சொல்வாராம். கை மாறவில்லை. கல்யாண வீடுகளில் பந்தியின் கடைசி இலையில்தான் அவரை உட்கார வைப்பார்கள், பக்கத்து ஆள்மேல் முழங்கை இடிக்காமல் இருக்க. தன் கல்யாணத்தில் தாலியை வலது கையால் முடிச்சுப் போட முயன்றிருக்கிறார். நழுவியிருக்கிறது. மேளம் ஓங்கிவிட்டது. சட்டென்று கை மாற்றி இடது கையால் இழுத்து முடிந்துவிட்டார். பெண்கள் வாயில் கையை வைத்துக்கொண்டார்கள். பிள்ளை பிறக்காதது, கடிதம் நின்றது எல்லாவற்றையும் பிற்பாடு அந்த முடிச்சில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அக்கா அதற்கு ஒன்றுதான் சொல்வார்: “அவிழல்லேல்லா?”

அந்த மழைக்குப் பிறகு அவரிடம் ஒரு பழக்கம் சேர்ந்தது. முற்றத்தில் காயும் நெல்லைப் பெண்கள் காலால் துழாவுவார்கள். பாதம் போன இடமெல்லாம் கோடு விழும். அக்கா துழாவும்போது வாய்க்குள் “ஓலக்கால், சீலக்கால், ஓலக்கால், சீலக்கால்” என்று சொல்லிக்கொள்வார். ஜன்னலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு அது கேட்கும். இடது கால் கொஞ்சம் அழுத்தமாக விழுவதுபோல் தோன்றும். அது என் கற்பனையாக இருக்கலாம்.

ஐம்பதில் இரண்டாவது கடிதம் திரும்பியது. அதே சொல், வேறு கையெழுத்து, இந்த முறை நீல மை. அக்காவுக்கு அது இன்னும் பலம். “ரெண்டு ஆளு எழுதியாச்சு. ரெண்டு ஆளுக்கும் அவரத் தெரிஞ்சிருக்கு” என்றார்.

இதில் பிரச்சினை கணவரின் அண்ணனுக்கு. அக்கா இருந்தது குடும்ப வீட்டின் ஒரு பாதியில். மறுபாதியில் அண்ணன் குடும்பம். சந்தையில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அவருடைய மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டோடு வந்து இருப்பதாக இருந்தால் இடம் வேண்டும். தம்பி இருக்கிறான் என்றால் தம்பி மனைவி இருப்பாள். தம்பி போய்விட்டான் என்றால், பிள்ளையில்லாதவளுக்கு இந்த வீட்டில் என்ன இருக்கிறது? அவள் சுசீந்திரத்தில் தன் அண்ணன் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். இதை அவர் நேராகச் சொல்லக்கூடியவர் அல்ல. கெட்டவரும் அல்ல. தம்பியின் கையைக் கட்டியதை நினைத்து ஒருநாள் என் முன்னாலேயே கண் கலங்கியவர்.

ஒரு நாள் சாயாக்கடையில் யாரோ பேப்பரைச் சத்தமாக வாசிக்கக் கேட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தார். கம்யூனிஸ்டுகளைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்த காலம்.

“ஓய் நிருபரே, லெஃப்டுன்னா கச்சியாமே? சவம், எந் தம்பி கொழும்புல போயிக் கச்சியில சேந்துட்டானா? அதத்தான் கவருல எழுதி அனுப்பியிருக்கானுவளா?”

“அப்படியும் ஓர் அர்த்தம் உண்டு” என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. “வெளிய சொல்லிராதையும். கடையில சோதனை போட்டுருவானுவ” என்று சொல்லிவிட்டுப் போனவர், ஒரு வருடத்துக்கு மேல் அந்த உறைகளைப் பற்றி வாய் திறக்கவில்லை. அக்காவுக்கு ஒரு வருடம் கூடக் கிடைத்தது. நான் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்தேன்.

ஐம்பத்திரண்டில் மூன்றாவது கடிதம் திரும்பியது. அதே வாரம் அண்ணன் மகளுக்கு மாப்பிள்ளை உறுதியானது. அண்ணன் இந்த முறை பயப்படவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் முற்றத்துக்கு நான்கு பேரை வரச் சொன்னார். தெருப் பெரியவர் ஒருவர், பட்டாளக்காரர், சுசீந்திரத்திலிருந்து அக்காவின் அண்ணன், பிறகு நான். முற்றம் முழுக்க நெல் காய்ந்துகொண்டிருந்ததால் சுவர் ஓரமாக ஒதுங்கித்தான் நின்றோம். அக்கா நெல்லின் நடுவில் நின்றார்.

அந்த வாரத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஒரு பஸ் விபத்தில் இரண்டு பேர் மாண்டதாக நான் செய்தி அனுப்பியிருந்தேன். மாண்டவர் ஒருவர்தான். மற்றவர் கையில் கட்டோடு பத்திரிகை அலுவலகத்துக்கே போய் நின்றுவிட்டார். பத்திரிகை வருத்தம் தெரிவித்தது. ஆசிரியர் எனக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதியிருந்தார். ஒரு சொல்லைச் சரியாகச் சொல்வதைவிடப் பெரிய காரியம் உலகத்தில் இல்லை என்ற மனநிலையில் நான் இருந்தேன்.

கணவரின் அண்ணன் அக்காவிடம் வாங்கிய மூன்று உறைகளையும் என் கையில் கொடுத்தார்.

“நீரு பேப்பருக்கு எழுதுத ஆளு. பொய் சொல்ல மாட்டேரு. இந்த ஒத்த வார்த்தைக்கு மூணு வருசமா ஆளுக்கொரு அர்த்தம் சொல்லுதாவ. நீரு சொல்லும்.”

“நான் எடதுன்னு சொன்னது பொய்யில்ல, கேட்டேரா?” என்றார் பட்டாளக்காரர்.

“நீரு சும்ம இரும் வேய். ஒமக்கு லெஃப்ட விட்டா ரைட்டு. அதுக்கு மேல என்ன தெரியும்?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் நெல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“விலாசத்துல உள்ள ஆள் அந்த இடத்தை விட்டுப் போயிட்டார்” என்றேன். “எங்கே போனார்னு தெரியல்லை. தபாலில் இதை அதுக்குத்தான் எழுதுவாங்க.”

ஒரு காகம் நெல்லில் இறங்கியது. அதை யாரும் விரட்டவில்லை.

“வேற அர்த்தம் உண்டா தம்பி?” என்று அக்கா கேட்டார்.

“உண்டு. இடதுன்னு உண்டு. மிச்சம்னு உண்டு.”

“இங்க, இந்தக் கவருல?” என்றார் கணவரின் அண்ணன்.

“இங்கே ஒண்ணுதான்” என்றேன்.

அக்கா தலையை ஆட்டினார். பிறகு நெல்லைத் துழாவத் தொடங்கினார். நாங்கள் எல்லாரும் நின்றுகொண்டிருக்கும்போதே முற்றத்தின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை துழாவினார். வாயிலிருந்து சத்தம் வரவில்லை. பட்டாளக்காரர் எங்களுக்கு முன்னாலேயே வெளியே போய்விட்டார்.

பத்து நாளில் அக்கா சுசீந்திரத்துக்குப் போனார். மாட்டுவண்டியில் செம்பு அண்டாவைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் பாயைப் போட்டிருந்தது. என் ஜன்னலை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. எதிர்வீட்டு முற்றத்தில் பந்தக்கால் நட்டார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு ஆண்டு கழித்து, வேலையாகத் திருவனந்தபுரத்தில் எங்கள் பத்திரிகையின் பெரிய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அங்கே இரண்டு கையாலும் தூக்கவேண்டிய ஓர் ஆங்கில அகராதி இருந்தது. சொற்களின் பூர்வீகத்தையும் சொல்லும் அகராதி. ஆசிரியருக்காகக் காத்திருந்த நேரத்தில் அந்தச் சொல்லை எடுத்துப் பார்த்தேன்.

ஒரே எழுத்துக்களில் இரண்டு தனிச் சொற்கள். ஒன்றுக்கொன்று உறவு இல்லை. இடது என்ற பொருள் தரும் சொல்லுக்கு ஆதியில் பலவீனம், உபயோகமற்றது என்று அர்த்தம். பலமில்லாத கை என்பதால் இடது கைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கட்சிக்கு அந்தப் பெயர் வந்தது பிரெஞ்சுக்காரர்களின் சபையில் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்பதால். விட்டுப்போதல் என்ற பொருள் தரும், ‘லீவ்’ என்பதன் இறந்தகாலமான சொல்லின் கதை வேறு. அதன் வேர்ச்சொல்லுக்குப் போதல் என்ற அர்த்தமே கிடையாது. தங்குதல், மிஞ்சியிருத்தல், இருக்கவிடுதல். ஒருவர் எதையோ ஓர் இடத்தில் இருக்கவிட்டுப் போகிறார். காலப்போக்கில் இருந்ததை மறந்து, போனதை மட்டும் அந்தச் சொல் பிடித்துக்கொண்டது. நாம் விடுமுறைக்குச் சொல்கிறோமே லீவு, அது மூன்றாவது குடும்பம். அனுமதி என்று பொருள். அன்பு என்ற சொல்லுக்குத் தூரத்து உறவு என்று போட்டிருந்தது.

முற்றத்தில் நின்றபோது இது எனக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று யோசித்தேன். சொல்லியிருக்கமாட்டேன். ஆதியில் என்ன அர்த்தம் என்பது வீட்டுப் பாகத்துக்குச் சாட்சியாகாது. ஆனாலும் அந்தப் பக்கத்தை ஒரு தாளில் குறித்து எடுத்துக்கொண்டேன்.

ஐம்பத்தாறு நவம்பரில் எங்கள் ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. தெருவெல்லாம் தோரணம். பத்திரிகை என்னைச் சென்னைக்கு மாற்றியது. போவதற்கு முன் ஒரு காலையில் சுசீந்திரத்துக்குப் பஸ் ஏறினேன். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. அக்காவின் அண்ணன் வீட்டுக் கொல்லையில், ஓலைச் சாய்ப்பின் கீழ், அதே செம்பு அண்டா. அக்கா அடுப்பில் தென்னை மட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். நெற்றியில் குங்குமம் இருந்தது. தாலி இருந்தது.

“பேப்பர்காரத் தம்பியா? வாரும். நனையாதையும்” என்று ஒரு பலகையை இழுத்துப் போட்டார்.

மாற்றலாகிப் போவதைச் சொன்னேன். அவருடைய கணவரைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிறகு அந்தத் தாளை எடுத்து, அகராதியில் பார்த்ததைச் சொன்னேன். தொடக்கத்தில் அந்தச் சொல்லுக்கு ‘இருத்தல்’ என்றுதான் அர்த்தம் என்று சொன்னேன். ஏதோ கொடுக்க வந்தவன்போலச் சொன்னேன்.

முழுவதையும் கேட்டார்.

“போறதுக்கும் இருக்கதுக்கும் ஒரே வார்த்தையா?”

“ஆமா அக்கா.”

“இதுல என்ன அதிசயம்? நம்ம ஆளுவ போவும்போ ‘வாரேன்’னுதான சொல்லுதாவ. அவரும் அதத்தான சொன்னாரு.”

அடுப்பு புகைந்தது. குனிந்து ஊதினார். ஊதிவிட்டு, என்னைப் பார்க்காமலே பேசினார்.

“தம்பி, மொதல்ல நீரு ‘இடதுன்னும்’னு சொன்னேரு. அந்த ‘உம்’மு எனக்குக் கேக்காமலா இருந்திச்சு?”

தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

“ஒவ்வொரு வார்த்தைக்கும் வேற அர்த்தம் உண்டான்னு கேக்கக்கூடியவ நான். அன்னைக்கு மட்டும் ஏன் கேக்காம எறங்கிப் போனேன்? அந்த ‘உம்’முலதான் மூணு வருசம் குடியிருந்தேன். பொறவு நீரு ‘ஒண்ணுதான்’னு சொல்லிட்டேரு.” மட்டையை உள்ளே தள்ளினார். “சரியாத்தான் சொன்னேரு. ஒம்ம மேல கொறை இல்ல.”

அண்டாவில் நெல் வெடிக்கத் தொடங்கியிருந்தது. அவர் எழுந்து மூடியைத் திறந்து ஒரு நெல்லை எடுத்து நசுக்கிப் பார்த்தார். ஆவியில் முகம் தெரியவில்லை. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. குடையை எடுத்துக்கொண்டேன்.

“வாரேன் அக்கா” என்றேன்.

ஆவிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“வேற அர்த்தம் உண்டா தம்பி?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டார் என்று நினைக்கிறேன். மழையில் இறங்கி நடந்தேன். அதற்குப் பிறகு நான் சுசீந்திரத்துக்குப் போகவில்லை.